நான்கு சகலைகள் பூட்டிய கணினி

நெட்டிலைப்பேட்டையில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பஞ்சம் வர வேண்டுமென்றால் முன்பு எப்போதாவது அங்கே விளைச்சல் இருந்திருக்க வேண்டும்.

அந்த ஊரில் வைத்தியலிங்கம் என்பவருக்கு நான்கு பெண்கள். ஆகவே நான்கு மருமகன்கள். மூத்தவர் திருவேங்கடம், அடுத்தவர் பொன்னுரங்கம், மூன்றாமவர் அழகேசன். நான்காமவர் நிலவழகன், கல்யாணமாகி ஓராண்டுகூட நிறையாதவர். வந்த புதிதில் அவரிடம் கொஞ்சம் விவரம் இருந்ததாகச் சொல்கிறார்கள். சகலைகள் மூவரும் பொறுமையாகப் பழகியதில் அதுவும் சரியாகிவிட்டது.

திருவேங்கடத்துக்கு ஒரு குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்து முடிப்பார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். நிலவழகனின் கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த வீடியோக்காரரை மண்டப வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் அவர்தான். "நான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு மாமா?" என்று சொல்லிவிட்டு, தம்முடைய கேமராவால் ஐந்து மணி நேரம் அவரே படம் பிடித்தார்.

அந்தக் கல்யாணத்தில் ஒரு குறை நேர்ந்தது. முகூர்த்த நேரம் பார்த்துப் பந்தியில் ரசம் தீர்ந்துபோயிற்று. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்த கையோடு, ஒரே நிமிடம் என்று எழுந்துபோன வைத்தியலிங்கம், சமையற்காரரை விசாரித்துத் திரும்புவதற்குள் கடைக்குட்டி மாதங்கியின் கழுத்தில் தாலி ஏறிவிட்டது.

"மாப்பிள்ளை, மூணு பொண்ணு கழுத்துல தாலி ஏறினதைக் கண்ணாலே பாத்தேன். நாலாவதுக்கு ரச அண்டாவைத்தான் பாத்தேன். முதல் கல்யாண நாள் அன்னிக்காவது அதை எனக்குக் காட்டிடுங்க" என்றார் அவர்.

"காட்டிடறேன் மாமா" என்றார் திருவேங்கடம்.

காட்டியும் இருப்பார். ஆனால் வீட்டிலிருந்த பழைய கணினியில் அந்த வீடியோவைத் திறந்தபோது, கணினி ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. மறுபடி திறந்தபோது பெருமூச்சு மட்டும் வந்தது. மூன்றாம் முறை அதுவும் வரவில்லை. இப்படியே பதினோரு மாதம் ஓடிற்று. மாமனார் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் விருந்தில் ரசம் ஊற்றும்போதெல்லாம் திருவேங்கடத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அஞ்சித் திருவேங்கடம் சாம்பாருக்குப் பிறகு நேராக மோருக்குப் போகத் தொடங்கினார்.

பன்னிரண்டாம் மாதம் பிறந்ததும் அவர் நகரத்துக் கணினிக் கடைக்காரருக்குத் தொலைபேசியில் பேசினார். அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். அதுதான் அவர் செய்த பிழை.

"வீடியோவை வெட்டி ஒட்டணும்னா கடையில நிக்கிற சாதாரண கம்ப்யூட்டர் தாங்காது சார். தனித்தனியா சாமான் அனுப்பறேன், நீங்களே பூட்டிக்கலாம். உள்ள ஏத்த வேண்டியதையெல்லாம் ஏத்தியே தர்றேன். பூட்டற முறைக்கு ஒரு வீடியோ அனுப்பறேன். அதுல அந்த ஆள் என்னென்ன செய்யறாரோ, ஒண்ணு விடாம அப்படியே செய்யுங்க. சொந்தமா மட்டும் எதுவும் செஞ்சுடாதீங்க!"

இப்படித் தெளிவாக யாரும் தமக்கு வழிசொல்லித் திருவேங்கடம் கேட்டதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பெட்டிகள் வந்து இறங்கின. கூடத்தின் நடுவே மேசை போடப்பட்டது. நால்வரும் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கடைக்காரர் அனுப்பிய வீடியோவைத் திருவேங்கடத்தின் கைப்பேசியில் ஒருமுறை முழுவதும் பார்த்தார்கள். நீலச் சட்டைக்காரர் ஒருவர் மேசைமுன் அமர்ந்து, இருபத்திரண்டு நிமிடத்தில் ஒரு கணினியைப் பூட்டி முடித்தார்.

முதல் சிக்கலைப் பொன்னுரங்கம் எழுப்பினார்.

"சகலை, அந்த வீடியோவுல ஒரு ஆள்தான் இருக்கார். நாம நாலு பேர் இருக்கோம். சொந்தமா மூணு பேரைச் சேர்த்த மாதிரி ஆகாதா?"

நால்வரும் சுவரைப் பார்த்து யோசித்தார்கள். கடைசியில் திருவேங்கடம்தான் வழி கண்டார். "நாலு பேரும் சேர்ந்து ஒரே ஆளா இருந்துட்டா?"

அப்படியே முடிவாயிற்று. திருவேங்கடம் வலது கை. பொன்னுரங்கம் இடது கை. நீலச் சட்டைக்காரர் நடுநடுவே தேநீர் குடித்தார்; ஆகவே அழகேசன் வாய். நிலவழகன் கண், வீடியோவைப் பார்த்து அடுத்தது என்ன என்று சொல்ல வேண்டும். வலது கைக்கும் இடது கைக்கும் சேர்த்து ஒரே நீலச் சட்டையை மாட்டினார்கள். ஆளுக்கு ஒரு கை உள்ளே போயிற்று.

"வலது கை, பெட்டியோட இரும்பைத் தொடுது" என்றார் கண்.

"எதுக்கு?" என்றார் இடது கை.

வாய் தேநீரைக் கீழே வைத்துவிட்டு விளக்கியது. "நம்ம உடம்புல மின்சாரம் இருக்கும்ணே. அப்படியே தொட்டா சாமான் கெட்டுடுமாம். இரும்பைத் தொட்டா அது இறங்கிடுமாம். வீடியோவுலயே சொல்றாரே."

பொன்னுரங்கத்தின் முகம் மாறியது. "உடம்புல மின்சாரம் இருக்கா? அப்புறம் எதுக்கய்யா போன வாரம் கரண்ட் போனப்ப மெழுகுவத்தி ஏத்தினோம்?"

சட்டையிலிருந்து தம் கையை உருவிக்கொண்டு எழுந்துபோய், அலமாரியில் கிடந்த ஒரு குண்டு பல்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தார். எரியவில்லை. மற்றவர்கள் கவலையோடு பார்த்தார்கள்.

"எனக்கு மட்டும் கட் பண்ணியிருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று முழுவதும் அவர் மனம் சரியாக இல்லை.

வேலை நடந்தது. மதர்போர்டு என்னும் பலகையைப் பெட்டிக்குள் இறக்கினார்கள். வலது கை திருகைப் போட, இடது கை பலகையைப் பிடித்தது. நடுவில் பொன்னுரங்கத்துக்குக் காது அரித்தது.

"சொறிஞ்சுக்கட்டுமா?"

"பொறுங்கண்ணே. ஒன்பதாவது நிமிஷத்துலதான் அவர் சொறியறார்" என்றார் நிலவழகன். "அதுவும் வலது காதை."

ஒன்பதாவது நிமிடத்தில் திருவேங்கடம் தம்முடைய வலது காதைச் சொறிந்தார். அரிப்பு என்னவோ பொன்னுரங்கத்துக்குத்தான் இருந்தது.

அடுத்து, கணினியின் மூளையாகிய சில்லின்மேல் சூடு தணிக்கும் பசையை வைக்க வேண்டியிருந்தது. 'பட்டாணி அளவு வையுங்கள்' என்றார் நீலச் சட்டைக்காரர். நிலவழகன் வீடியோவை நிறுத்தினார்.

"காய்ஞ்ச பட்டாணியா, ஊறின பட்டாணியா?" என்று கேட்டார் அழகேசன்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் வந்துடப் போகுது?" என்றார் நிலவழகன்.

"என்ன சகலை இப்படிச் சொல்லிட்டீங்க? ஊறினா ரெண்டு மடங்கு ஆகுமே. குருமாவுக்குப் போடறதில்லையா?"

இது அலட்சியம் செய்யத்தக்க செய்தியன்று. திருவேங்கடத்தின் மனைவி செண்பகவல்லியிடம் ஒரு கைப்பிடி பட்டாணி வாங்கி ஊறப்போட்டார்கள். எட்டு மணி நேரம் காத்திருந்தார்கள். வலது கையும் இடது கையும் ஒரே சட்டைக்குள் இருந்தபடியே சாப்பிட்டன. மாலையில் ஊறிய பட்டாணியையும் காய்ந்த பட்டாணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சந்தேகம் கூடிற்றே ஒழியக் குறையவில்லை. திருவேங்கடம் கடைக்காரரை அழைத்தார்.

"சார், ஊறினதா காய்ஞ்சதா?"

"எது?"

"பட்டாணி."

மறுமுனையில் இருந்து, "ஏதோ ஒரு பட்டாணி சார்" என்று மெலிந்த குரல் வந்தது.

அதன்படி, கண்ணை மூடிக்கொண்டு பசைக்கு அளவாக ஏதோ ஒரு பட்டாணியை எடுத்தார்கள். அது காய்ந்ததாக இருந்தது.

பதினான்காவது நிமிடத்தில் ஒரு வெள்ளைப் பூனை நீலச் சட்டைக்காரரின் மேசைமேல் ஏறியது. அவர் அதைத் தடவிக் கொடுத்துக் கீழே இறக்கிவிட்டார். அந்த வீட்டிலும் ஒரு பூனை இருந்தது. ஆனால் அது கறுப்பு. செண்பகவல்லியின் முகப்பவுடரில் முக்கால் டப்பாவைச் செலவழித்து அதை வெள்ளையாக்கி, மேசைமேல் ஏற்றி, தடவிக் கொடுத்து, இறக்கிவிட்டார்கள். இருபத்திரண்டாவது நிமிடத்தில் நீலச் சட்டைக்காரர் பொத்தானை அழுத்தினார். அவருடைய கணினி ஒளிர்ந்தது.

திருவேங்கடம் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் ஒளிரவில்லை.

மறுபடி அழுத்தினார். கூடத்தில் பூனை தும்மிய சத்தம் மட்டும் கேட்டது. கல்யாண நாளுக்கு இன்னும் ஒன்பது நாளே இருந்தது. மாமனாரின் ரசப் பார்வை திருவேங்கடத்தின் கண்முன் வந்து நின்றது. கடைக்காரரை மீண்டும் அழைத்தார்.

"பதறாதீங்க சார். எதுல கோளாறுன்னு கண்டுபிடிக்க ஒரே வழிதான். அங்க இருக்கறதுல ஒவ்வொண்ணா வெளியே எடுத்துட்டு, ஒவ்வொரு தடவையும் போட்டுப் பாருங்க. எதை எடுத்ததும் ஓடுதோ, அதுலதான் கோளாறு."

அங்கே இருந்தவற்றுள் முதலில் காலண்டரை வெளியே எடுத்தார்கள். பொத்தானை அழுத்தினார்கள். ஓடவில்லை. ஆகவே காலண்டரில் கோளாறு இல்லை. அடுத்து நாற்காலிகள், தையல் இயந்திரம், குடை, ஊறிய பட்டாணி. எதிலும் கோளாறு இல்லை. கூடம் காலியாயிற்று. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார் திருவேங்கடம்.

நிலவழகன் எழுந்து வெளியே போனார். ஓடவில்லை. "நான் அப்பவே சொன்னேன், எம்மேல தப்பு இல்லைன்னு" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார். அழகேசன் போனார். ஓடவில்லை. பொன்னுரங்கம் போனார், சட்டையும் கூடவே போயிற்று. ஓடவில்லை.

மிஞ்சியவர் திருவேங்கடம் ஒருவரே. வீடியோக்காரரைத் திருப்பி அனுப்பியவர், ஐந்து மணி நேரம் படம் பிடித்தவர், வாக்குக் கொடுத்தவர் எல்லாம் அவர்தாம். கோளாறு தம்மிடத்தில்தான் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குப் போய் நின்றார்.

"இப்ப யார் பொத்தானை அழுத்தறது?" என்றார் அழகேசன்.

நால்வரும் வாசலில் நின்று இதை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கூடத்தைப் பெருக்கலாம் என்று செண்பகவல்லி துடைப்பத்தோடு வந்தாள். கணினியின் வயர் தரையில் நீண்டு கிடந்தது. நீலச் சட்டைக்காரர் அதைச் சுவரில் செருகியது வீடியோவில் வரவில்லை. அவர் முன்கூட்டியே செருகியிருந்தார். வீடியோவில் வராத ஒன்றைச் சகலைகள் எப்படிச் செய்வார்கள்? காலில் தடுக்குமே என்று அவள் அதை எடுத்துச் சுவரில் செருகி, சுவிட்சையும் தட்டிவிட்டுப் போனாள். காலியான கூடத்தில் ஏற வேறு இடமில்லாமல், பூனை கணினிப் பெட்டியின்மேல் தாவிற்று. அதன் முன்னங்கால் பொத்தானில் பட்டது.

உள்ளே விசிறிகள் சுழலும் சத்தம் கேட்டு நால்வரும் ஓடி வந்தார்கள். திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. பெட்டியின்மேல் பூனை உட்கார்ந்திருந்தது.

"பூனையைக் கீழே இறக்கினது தப்பு சகலை" என்றார் பொன்னுரங்கம். "அதுவும் ஒரு சாமான்."

அன்றிலிருந்து பூனை பெட்டியின்மேல் இருந்தால்தான் அந்தக் கணினியில் வேலை நடந்தது. அது பால் குடிக்கப் போனால் நால்வரும் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

வெட்டி ஒட்டும் வேலை தொடங்கியது. 'வேண்டாதவங்களை எடுத்துட்டு வேணுங்கறவங்களை வையுங்க' என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர்களில் யார் வேண்டாதவர் என்று முடிவு செய்வது மரியாதையா? ஆகவே ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துச் சம்மதம் கேட்டார்கள்.

"பெரியம்மா, உங்களைக் கல்யாணத்துலேருந்து எடுத்துடலாமான்னு யோசிக்கறோம்" என்றார் அழகேசன்.

"ஏண்டா, மூணு பஸ் மாறி, முழங்கால் வலியோட வந்தவளை எடுத்துடுவியா நீ? உங்க மாமனார் கிட்ட போனைக் குடு!"

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. கேமரா மூடியைக் கழற்ற மறந்து எடுத்த இரண்டு நிமிட இருட்டை மட்டும் வெட்டினார்கள். அதில் யாரும் இல்லை.

தாலி கட்டும் இடத்தைப் பற்றி மாமனார் கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "மாப்பிள்ளை, ஒரு வருஷமாக் காத்திருக்கேன். எனக்கு முன்னாடி யாரும் அதைப் பாத்துடக் கூடாது." வேலையில் அந்த இடம் நெருங்கியபோது நால்வரும் கண்களை இறுக மூடிக்கொண்டார்கள். கெட்டிமேளம் ஓய்ந்த பிறகே திறந்தார்கள். அந்த நான்கு நிமிடத்தைப் பார்த்தது பூனை மட்டுந்தான். அது எதுவும் சொல்லவில்லை.

கல்யாண நாள் வந்தது. அதுவும் ஒரு முகூர்த்த நாளாக அமைந்திருந்தது. அடுத்த தெருவிலிருந்த அதே மண்டபத்திலிருந்து காலையிலேயே நாதஸ்வரம் கேட்டது. முகூர்த்தத்தை முகூர்த்த நேரத்தில்தான் பார்ப்பேன் என்று மாமனார் சொல்லிவிட்டதால், சரியாக ஒன்பது நாற்பதுக்குத் தாலி ஏறும்படி கணக்கிட்டு ஏழு மணிக்கே வீடியோவை ஓடவிட்டார்கள். வைத்தியலிங்கம் பட்டு வேட்டி கட்டி முன்வரிசையில் அமர்ந்திருந்தார். பக்கத்தில் மாதங்கியும் நிலவழகனும். பின்னால் உறவினர்கள். பெட்டியின்மேல் பூனை. அதன் பக்கத்தில், நன்றி மறவாமல் ஒரு முழம் பூச் சுற்றி வைத்த கேமரா.

ஒன்பது முப்பத்தெட்டு. திரையில் மாதங்கி தலை குனிந்திருந்தாள். புரோகிதர் கையை உயர்த்தினார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்! எல்லாரும் அட்சதை போடுங்க!"

அன்று அந்தக் குரலைக் கேட்டதும் தாம் என்ன செய்தார் என்பது இப்போதுதான் திருவேங்கடத்துக்கு நினைவு வந்தது. எல்லாரும் போடுங்கள் என்றால் எல்லாரும்தானே? கையிலிருந்த கேமராவை நாற்காலியில் வைத்துவிட்டு அவரும் அட்சதை போட்டார்.

திரை சாய்ந்தது. மேடை மறைந்தது. நாற்காலிமேல் வைத்த கேமரா, பந்தி வாசலைப் பார்த்து நிலைத்து நின்றது. அந்த வாசலில், கெட்டிமேளம் முழங்க முழங்க, வைத்தியலிங்கம் ரச அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டார். மாமனார் எழுந்து நின்றார்.

"யாருய்யா அந்த ஆளு?" என்றார் திரையைக் காட்டி. "உள்ள பொண்ணுக்குத் தாலி கட்டறாங்க, அவன் அண்டாவைப் பாத்துட்டு நிக்கறான்!"

"நீங்கதான் மாமா" என்றார் நிலவழகன்.

"நானா? அப்ப யாராவது கூப்பிடுங்கய்யா என்னை! இன்னும் நேரம் இருக்கு!"

எல்லாரும் திரையைப் பார்த்துக் கூவினார்கள். "மாமா, மேடைக்கு வாங்க!" "சித்தப்பா, திரும்பிப் பாருங்க!" பெரியம்மா முழங்கால் வலியையும் மறந்து கைதட்டிக் கூப்பிட்டாள். திரையில் இருந்தவர் கரண்டியால் அண்டாவின் அடியைத் தட்டிப் பார்த்தார்.

"மேளச் சத்தத்துல கேக்கலை" என்றார் பொன்னுரங்கம்.

திருவேங்கடம் கண்ணைத் திறந்தார். திரையில், மாமனாரின் சட்டைப் பையில் கைப்பேசி துருத்திக்கொண்டிருந்தது. மீள ஒரே ஒரு வழி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. மாமனாரின் எண்ணை அழுத்தினார். முன்வரிசையில் மாமனாரின் பையில் மணி அடித்தது. அவர் எடுத்தார்.

"மாமா, தாலி கட்டப் போறாங்க! ரசத்தை விட்டுட்டு உடனே வாங்க!"

"இதோ வந்துட்டேன் மாப்பிள்ளை!"

வைத்தியலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், மண்டபத்தை நோக்கி ஓட்டம் பிடித்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். நெற்றியில் புதுச் சந்தனம். கையில் தாம்பூலப் பை. முகத்தில் ஓராண்டாகக் காணாத நிறைவு.

"பாத்துட்டேன் மாப்பிள்ளை. கண் குளிரப் பாத்துட்டேன். மூணு முடிச்சையும் பக்கத்துல நின்னு எண்ணினேன்" என்று திருவேங்கடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரசமும் போதுமானதா இருந்துச்சு. ஆனா ஒண்ணு, நம்ம நிலவழகன் அன்னிக்குக் கொஞ்சம் குண்டா இருந்திருக்கார்."

"ஆமாம் மாமா, இந்த ஒரு வருஷத்துல இளைச்சுட்டேன்" என்றார் நிலவழகன்.

திருவேங்கடத்தின் நெஞ்சிலிருந்து பெரும் பாரம் இறங்கியது. இருந்தாலும் ஒரு சிறு குறை அவருக்கு உறுத்திற்று. "அவ்வளவு பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்க. கேமராவைக் கொண்டு போயிருந்தா நாங்களும் பாத்திருப்போமே மாமா."

"கொண்டு போகாம இருப்பேனா? ஓடறப்பவே கையில எடுத்துக்கிட்டுத்தான் போனேன்."

நால்வரும் பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே பூனை மட்டுமே இருந்தது.

"அப்ப படம் எடுத்தீங்களா மாமா?"

"எடுத்துட்டுத்தான் இருந்தேன் மாப்பிள்ளை. அதுக்குள்ள எல்லாரும் அட்சதை போடுங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார் மாமனார். "பந்தி வாசல் பக்கமா ஒரு நாற்காலி இருந்துச்சு. அதுமேல வெச்சுட்டேன்."